வேலை போனா காசு குடுக்குற காப்புறுதியும் அதுக்கு வழிசொல்ற ஆலோசனைக் குழுவும்: மலையகத்துல அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைன்னு ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி), சர்வீஸ் காசு (வேலைய விட்டுப் போறப்ப சேவைக்காலத்துக்குக் குடுக்குற பணம்) விசயமா நாலு பேரு கூடுற எடத்துல எல்லாம் இப்ப இந்தப் பேச்சு வந்துருது, வேலை போனா மாசாமாசம் காசு குடுக்குற திட்டம் வெளிநாட்டுல இருக்காமே, நமக்கு எப்ப வரும், வந்தா எவ்வளவு கிடைக்கும்னு. எவ்வளவுன்னு கேக்குறதுல தப்பில்ல, ஆனா அந்தத் தொகையை, யாருக்கு உண்டு யாருக்கு இல்லைங்கிறதை எல்லாம் பேசுற ஆலோசனைக் குழுவுல யாரு உக்காந்திருப்பான்னு ஒருத்தரும் கேக்குறதில்ல. அதனால திரும்பத் திரும்ப வாற கேள்விகளை ஒண்ணாச் சேத்து இங்க எழுதிருக்கேன்.

மொதல்ல இது என்ன திட்டம்? அஸ்வெசும மாதிரியா?

இல்ல. அஸ்வெசும 2023ல தொடங்குன நிவாரணம், வீட்டு நிலைமையைப் பாத்து அரசாங்கம் வரிப்பணத்துல இருந்து குடுக்குறது. வேலையிழப்புக் காப்புறுதி அப்பிடியில்ல, வேலையில இருக்குறப்பவே உங்க பேருக்கு ஒரு சின்னத் தொகை ஒரு நிதியத்துக்குப் போய்க்கிட்டு இருக்கும், சில நாட்டுல முதலாளி மட்டும் கட்டுவாரு, சில நாட்டுல ரெண்டு பேரும் கட்டணும், பிறகு உங்க குத்தம் இல்லாம வேலை போச்சுன்னா அடுத்த வேலை கிடைக்குற வரைக்கும் கொஞ்ச மாசத்துக்கு சம்பளத்துல ஒரு பங்கு வரும். நீங்க ஏழையா பணக்காரரான்னு பாக்க மாட்டாங்க, எத்தன நாளு வேலை செஞ்சீங்க, எவ்வளவு கட்டியிருக்குன்னு தான் பாப்பாங்க. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1952லயே சமூகப் பாதுகாப்புக்குன்னு கொண்டுவந்த 102ஆம் சமவாயத்துல ஒன்பது வகைப் பாதுகாப்பைச் சொல்லியிருக்கு, அதுல வேலையிழப்புக் கொடுப்பனவும் ஒண்ணு.

இலங்கையில இது இருக்கா? வேலை போனா நமக்கு இப்ப என்ன தான் கிடைக்கும்?

அப்பிடி ஒரு திட்டம் நம்ம நாட்டுல இல்ல. இருக்குறது வேற வேற சாமான். ஈபிஎப் 1958ஆம் வருசத்துச் சட்டம், நம்ம சம்பளத்துல 8 வீதம் முதலாளி 12 வீதம், ஆனா அது வயசான காலத்துக்கு, பொம்பளைகளுக்கு 50 ஆம்பளைகளுக்கு 55 ஆகணும், வேலை போச்சுன்னு நாளைக்கே போய் எடுக்க ஏலாது. ஈடிஎப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 1980ல வந்தது, முதலாளி மட்டும் 3 வீதம், வேலைய விட்டா எடுக்கலாம், ஆனா ஒருதரம் எடுத்தா அஞ்சு வருசத்துக்கு மறுபடி எடுக்க முடியாது. சர்வீஸ் காசு 1983ஆம் ஆண்டுச் சட்டம், 15 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யுற எடத்துல அஞ்சு வருசம் முடிச்சிருக்கணும், மாசச் சம்பளக்காரருக்கு வருசத்துக்கு அரை மாசச் சம்பளம், நாட்கூலிக்கு 14 நாள் கூலி. அதோட 1971ல வந்த சட்டம் ஒண்ணு இருக்கு, 15 பேரோ அதுக்கு மேலயோ இருக்குற எடத்துல தொழில் ஆணையாளரைக் கேக்காம, ஆளோட சம்மதமும் இல்லாம வேலைய விட்டு நிப்பாட்ட முடியாது, ஆனா கடைசி 12 மாசத்துல 180 நாள் சேவை இல்லாத ஆளுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது. இந்த 180 நாளை மனசுல வச்சுக்கோங்க, கீழ மறுபடி வரும்.

இது எல்லாத்தையும் சேத்துப் பாத்தாலும் வேலை போன அடுத்த மாசம் கடைக்காரருக்கு என்ன சொல்றதுன்னு ஒரு பதிலும் இதுல இல்ல.

ஆலோசனைக் குழுன்னா யாரு? பெரிய படிப்புப் படிச்ச ஆக்களா?

பெரும்பாலும் இல்ல. தொழிலாளர் பக்கத்துல கொஞ்சப் பேரு, முதலாளி பக்கத்துல அதே அளவு பேரு, நாட்டுக்கு நாடு மாறினாலும் இந்தச் சமன் மட்டும் மாறாது. அமெரிக்காவுல மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனித் திட்டம். வாஷிங்டன் மாநிலத்துச் சட்டத்துல ஒன்பது பேருக்கு மேல போகாத குழு, முதலாளிகளுக்கு மூணு, தொழிலாளருக்கு மூணு, பொதுமக்களுக்கு மூணு. விஸ்கான்சின் தான் அமெரிக்காவுலயே மொதல்ல, 1932லயே, இந்தச் சட்டத்தைப் போட்ட மாநிலம், அங்க முதலாளிக்கு அஞ்சு தொழிலாளருக்கு அஞ்சு, கூட்டத்தை நடத்துற தலைவர் திணைக்களத்து ஆளு, அவருக்கு ஓட்டு கிடையாது. பத்துல ஏழு ஓட்டு விழுந்தா தான் ஒரு விசயம் பாஸ். எனக்கு இந்த ஏழு கணக்கு ரொம்பப் புடிக்கும், ஏன்னா எந்தப் பக்கமும் தனிச்சு நின்னு ஜெயிக்க ஏலாது, எதிர்ப்பக்கத்துல ரெண்டு பேரையாவது பேசி இழுத்தாகணும்.

கனடா கொஞ்சம் வேற மாதிரி. அங்க இருக்குறது ஆலோசனைக் குழு இல்ல, ஆணைக்குழு, நாலு பேரு, அதுல தொழிலாளருக்குன்னு ஒரு ஆணையாளர் முதலாளிகளுக்குன்னு ஒரு ஆணையாளர். வருசா வருசம் எத்தன வீதம் கட்டணும்னு முடிவு பண்றதும் அவங்க தான். ஜெர்மனியில 21 பேரு, தொழிலாளர், முதலாளி, அரசுன்னு ஏழு ஏழா, அவங்களுக்கு ஆலோசனை சொல்றதோட மேற்பார்வை செய்யுற அதிகாரமும் இருக்கு.

ஆலோசனை தானே, கேக்கலேன்னா என்ன பண்ணிருவாங்க?

நியாயமான சந்தேகம். நம்ம நாட்டுல கமிட்டின்னாலே டீயும் வடையும் முடிஞ்சதும் எல்லாரும் எந்திரிச்சுப் போறதுன்னு ஒரு நெனப்பு இருக்கு, அது சும்மா வந்த நெனப்பும் இல்ல.

ஆனா அதிகாரம் வேற வழியாவும் வரும். பிரிட்டன்ல 1980ல அமைச்ச சமூகப் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவைப் பாருங்க, அந்தக் குழு குடுத்த அறிக்கைய அமைச்சர் பாராளுமன்றத்துல வைக்கணும், சொன்னதுல எதைக் கேக்கல, ஏன் கேக்கலேன்னு எழுத்துல காரணமும் குடுக்கணும். தள்ளிவிடலாம், ஆனா பேசாமத் தள்ளிவிட முடியாது. விஸ்கான்சின்ல வழி வேற, ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்ட மாத்தங்களை எல்லாம் ஒரே மசோதாவா எழுதி சட்டசபைக்கு அனுப்புவாங்க, முதலாளி, யூனியன் ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டு வந்த சாமானைக் குழப்ப எந்தக் கட்சிக்கும் அவ்வளவு லேசில மனசு வராது. எப்பவுமே அப்பிடியே நடக்கும்னு இல்ல, கட்சி அரசியல் சூடாகுறப்ப குழுவைச் சுத்திக்கிட்டுப் போறதும் நடக்குறது தான்.

கூட்டத்துல என்னத்தைத் தான் பேசுறாங்க?

மொதல்ல நிதியத்துல எவ்வளவு காசு இருக்கு, அடுத்த வருசம் நிலைமை மோசமானா தாங்குமா. இது தான் எல்லாத்துக்கும் தலை. நல்ல காலத்துல நிதியம் பெருத்துருச்சுன்னா முதலாளி சைடு கட்டுறதைக் குறைங்கன்னும், தொழிலாளர் சைடு குடுக்குறதைக் கூட்டுங்கன்னும் இழுப்பாங்க, கெட்ட காலத்துக்கு வைக்கச் சொல்லி ஒருத்தராவது கத்தணும், அந்த வேலை குழுவுக்கு. 2008, 2009 நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவுல 30க்கு மேல மாநிலங்கள் நிதியம் வத்திப்போய் மத்திய அரசுகிட்ட கடன் வாங்கிச்சு. பிரிட்டன்லயும் 1930கள்ல நிதியம் கடன்ல முங்கிக் கிடந்துச்சு, 1934ல வில்லியம் பெவரிட்ஜ் தலைமையில ஒரு குழுவை சட்டப்படி அமைச்சாங்க, கணக்கைப் பாத்து உபரி வந்தா என்ன செய்யுறது பற்றாக்குறை வந்தா என்ன செய்யுறதுன்னு சொல்றது தான் அதுக்குக் குடுத்த முக்கியமான வேலை.

பிறகு தகுதி. எத்தன நாள் வேலை செஞ்சிருக்கணும், தானா விட்டா உண்டா இல்லையா, புருசன் அடிச்சுத் துரத்தி ஊரை விட்டு ஓடுனா அதை எப்பிடி எடுக்குறது, புள்ளையப் பாக்க ஆளில்லாம நின்னா எப்பிடி. இந்த மாதிரி விசயங்களைத் திணைக்களத்துல இருக்குறவரு சட்டப் புத்தகத்துல பாத்தாரோ என்னமோ, யூனியன்ல இருந்து வாற பொம்பளை வந்து நேர்ல நடந்ததைச் சொன்னா தான் அதுக்கு உருவம் வரும்.

அப்பறம் நடைமுறைச் சிக்கல், அதாவது விண்ணப்பம் போட்டு எத்தன நாள்ல காசு வருது, கூடுதலாக் குடுத்துட்டோம் திருப்பிக் கட்டுன்னு கடிதம் வந்தா அந்த ஆளு எங்க போவாரு, போன் எடுக்குறாங்களா, எந்த மொழியில ஃபோம் இருக்கு. 2020 மார்ச் கடைசில அமெரிக்காவுல ஒரே வாரத்துல 60 லட்சத்துக்கு மேல புது விண்ணப்பம் வந்து விழுந்துச்சு, கம்பியூட்டர் எல்லாம் படுத்துருச்சு, அந்த நேரம் பாத்து வாஷிங்டன் மாநிலத்துல அடுத்தவங்க பேருல கள்ள விண்ணப்பம் போட்டுக் கோடிக்கணக்குல டொலரை அடிச்சுட்டுப் போனாங்க. கள்ளனைப் புடிக்கக் கதவை இறுக்குனா உண்மையான ஆளும் வெளிய நிக்குறாரு, திறந்து விட்டா காசு போகுது. இதுல எங்க கோடு போடுறதுன்னு அதிகாரி மட்டும் தனியா முடிவெடுத்தா எப்பவும் இறுக்குற பக்கம் தான் போவாரு, அவரோட கழுத்துக்குத் தானே கத்தி வருது.

இந்த மாதிரி ஒண்ணுமே நம்மகிட்ட இல்லையா?

இருக்கே. தேசிய தொழில் ஆலோசனைச் சபைன்னு 1994ல இருந்து இருக்கு, அரசு, முதலாளி, யூனியன் மூணு தரப்பும் உக்காருறது. சம்பள நிர்ணய சபை இன்னும் பழசு, 1941ஆம் வருசத்துச் சட்டம், தேயிலைக்குன்னு தனிச் சபை, முதலாளி தொழிலாளர் சம அளவு, கூடவே அமைச்சர் நியமிக்குற ஆக்கள்.

2021ல தோட்டத் தொழிலாளிக்கு நாட்கூலி ஆயிரம் ரூபா வந்த கதை ஞாபகம் இருக்கும். கம்பனிகளோட கூட்டு ஒப்பந்தப் பேச்சு முடியாம இழுபட்டு விசயம் சம்பள நிர்ணய சபைக்குப் போச்சு, கம்பனி சைடு எதிர்த்து ஓட்டுப் போட்டும் தொழிலாளர் சைடும் அமைச்சர் நியமிச்ச ஆக்களும் ஒண்ணா நின்னதால 900 அடிப்படையும் 100 படியுமா பாஸ் ஆச்சு. அந்த மூணாவது தரப்பு எந்தப் பக்கம் சாயுதோ அங்க தான் முடிவு. அன்னைக்கு நம்ம பக்கம் சாஞ்சுச்சு, சந்தோசம், நாளைக்கு வேற அமைச்சர் வேற ஆளை நியமிச்சா? விஸ்கான்சின்காரங்க மூணாவது ஆளுக்கு ஓட்டே குடுக்காம வச்சது எவ்வளவு யோசிச்சு வச்சதுன்னு அப்ப தான் புரியும். அதுக்கும் ஒரு விலை இருக்கு, ரெண்டு பக்கமும் விட்டுக்குடுக்கலேன்னா வருசக்கணக்கா ஒண்ணும் நகராது. நம்ம கூட்டு ஒப்பந்தப் பேச்சு மாதிரி.

இன்னொண்ணு 2020 கொரோனா நேரம். வேலைக்குக் கூப்புட முடியாத தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளத்துல பாதி இல்லேன்னா 14,500 ரூபா, எது கூடவோ அதைக் குடுக்கணும்னு மூணு தரப்பும் பேசி ஒத்துக்கிட்டாங்க. கார்மென்ட்ல, ஹோட்டல்ல இருந்த நம்ம புள்ளைகள்ல கிடைச்சவங்களும் இருக்காங்க, கேட்டும் கிடைக்காதவங்களும் இருக்காங்க. ஆனா அந்தக் காசு முதலாளி கைல இருந்து வரணும், முதலாளியே படுத்துட்டா ஒண்ணுமில்ல. அதுக்குத் தான் முன்கூட்டியே சேத்து வச்ச நிதியம் வேணுங்குறது.

தோட்டத்து ஆளுக இதுக்குள்ள வருவாங்களா?

கேள்வியில பெரிய கேள்வி இது தான், பதில் கொஞ்சம் நீளும்.

சரித்திரம் நமக்குச் சாதகமா இல்ல. பிரிட்டன்ல வேலையிழப்புக் காப்புறுதி 1911ல வந்துச்சு, விவசாயத் தொழிலாளி வெளிய. 1934ல வந்த பெவரிட்ஜ் குழு தான் அதை ஆராய்ஞ்சு சேக்கலாம்னு சொல்லி, 1936ல தனிச் சட்டமா வந்துச்சு, அதுவும் கட்டுறதும் குறைவு கிடைக்குறதும் குறைவுன்னு தனிக் கணக்குல. அமெரிக்காவுல 1935 சட்டத்துல தோட்ட வேலை, பண்ணை வேலை, வீட்டு வேலை மூணும் வெளிய, பெரிய பண்ணைகளுக்கு 1978ல தான் பொருந்துச்சு. 43 வருசம்! வெளிய விட்டதுக்குச் சொன்ன காரணத்துல ஒண்ணு பண்ணை வேலைக்குக் கணக்கு வைக்குறது கஷ்டம்னு. நம்ம தோட்டத்துல அந்தச் சாக்கு எடுபடாது, வெள்ளைக்காரன் காலத்துல இருந்து செக்ரோல் (ஆளு வந்த நாளையும் வேலையையும் எழுதுற தோட்டத்துப் பதிவேடு) இருக்கு, எந்த ஆளு எந்த நாளு எந்த மலையில எத்தன கிலோ எடுத்தான்னு எழுதாத நாளில்ல.

சிக்கல் வேற எடத்துல. ஒண்ணு, நாளை எப்பிடி எண்ணுறது. ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர்னு எழுதுறது வழக்கம், கிலோ குறைஞ்சா அரைப்பேர் போடுறாங்களே, அது ஒரு நாளா அரை நாளா? மழைக்கு வேலை இல்லேன்னு பெரட்டுல (காலைல ஆளைக் கூட்டி வேலை பிரிக்குற எடம்) இருந்து திருப்பி அனுப்புன நாளு? கைக்காசுக்கு, அதாவது கிலோவுக்கு இவ்வளவுன்னு காசுக்கு, எடுத்த கொழுந்து? இப்ப பல தோட்டத்துல தேயிலை மலையப் பிரிச்சு ஆளுக்கு இவ்வளவுன்னு குடுத்து கொழுந்தைக் கிலோ கணக்குல வாங்குறாங்க, அந்த ஆளு தொழிலாளியா, சொந்தத் தொழில் செய்யுறவரா? சொந்தத் தொழில்னு எழுதிட்டா காப்புறுதியும் இல்ல ஈபிஎப்பும் இல்ல. மேல சொன்ன 180 நாள் மாதிரி ஒரு எல்லையப் புதுத் திட்டத்துலயும் போட்டாங்கன்னா, செக்ரோல்ல எதை நாளா எழுதுறாங்கங்கிறதுலயே பாதிப் பேரோட கதை முடிஞ்சிரும்.

ரெண்டாவது, தோட்டத்துல முழுசா வேலை போறது குறைவு, வேலை நாளு தேயுறது தான் அதிகம். ஆயிரம் ரூபாக்குப் பிறகு கிலோவைக் கூட்டுனாங்க நாளைக் குறைச்சாங்கன்னு எத்தன தோட்டத்துல சத்தம் போட்டாங்க. மாசம் 25 பேர் விழுந்த வீட்டுல 12 பேர் விழுந்தா அது வேலையிழப்பு இல்லையாம், வேலையில தான் இருக்காராம். ஜெர்மனியில வேலை நேரம் குறைஞ்சாலே அதே நிதியத்துல இருந்து, இழந்த கைச் சம்பளத்துல 60 வீதம், புள்ளை இருந்தா 67 வீதம் குடுக்குறாங்க. கனடாவுல சொந்தமா மீன் புடிக்குறவங்களுக்குக் கூடத் தனி விதி எழுதி உள்ள சேத்திருக்காங்க. மனசிருந்தா விதி எழுதலாம், ஆனா எழுதுற எடத்துல அரைப்பேர்னா என்னன்னு தெரிஞ்ச ஒரு ஆளாவது இருக்கணும்.

மலை சரிஞ்சு வேலை நிக்குறது இன்னொரு விசயம். 2025 நவம்பர் கடைசில டித்வா புயல் வந்தப்ப லய வீடும் போச்சு ரோட்டும் போச்சு, வேலையும் நின்னுச்சு. யாரும் நிப்பாட்டல, ஆனா கூலியும் இல்ல. இது உள்ள வருமா வராதான்னு சட்டம் எழுதுறப்பவே கேட்டு வச்சுக்கணும்.

கொழும்புல கடையில, வீட்டுல வேலை செய்யுற புள்ளைகளுக்கு?

கடையில ஈபிஎப் கட்டுறாங்கன்னா வாய்ப்பு உண்டு. கட்டலேன்னா எந்தத் திட்டம் வந்தும் அந்தப் புள்ளை கண்ணுக்கே தெரியாது. வீட்டு வேலைக்குப் போன பொம்பளைப் புள்ளைகளை பல நாட்டுல கடைசியாத் தான் சேத்திருக்காங்க.

சம்பளத்துல இன்னொரு வெட்டா? ஏற்கனவே சந்தா, கடன்னு வெட்டி வெட்டி ஒண்ணும் மிஞ்சல.

மலேசியாவைப் பாருங்க, அங்கயும் நம்ம மாதிரி தோட்டத்துல இருந்து வந்த தமிழ் ஆளுக நிறைய. 2018 ஜனவரில தொடங்குனாங்க, தொழிலாளி 0.2 வீதம் முதலாளி 0.2 வீதம். 30,000 ரூபா சம்பளத்துக்கு அது 60 ரூபா, ஈபிஎப்புக்கு வெட்டுறது 2,400. வேலை போனா முதல் மாசம் சம்பளத்துல 80 வீதம், அப்பறம் படிப்படியாக் குறைஞ்சு ஆறாவது மாசம் 30 வீதம். அமெரிக்காவுல மூணே மூணு மாநிலம் தவிர மத்த எல்லா எடத்துலயும் முதலாளி மட்டும் தான் கட்டுறாரு, அதுலயும் அடிக்கடி ஆளை நிப்பாட்டுற முதலாளிக்கு வீதம் கூடும். இந்த ஏற்பாடு நம்ம நாட்டுக்கும் வேணும்னு நான் சொல்லுவேன், ஆளை வெட்டுறதுக்கு ஒரு விலை இருக்கணும். ஆனா அப்பிடி வச்சா முதலாளிமாரு ஒவ்வொரு விண்ணப்பத்தையும் எதிர்த்து நிப்பாங்க, நான் நிப்பாட்டல அவனாத் தான் போனான்னு. அந்தச் சண்டையும் கடைசில குழுவுக்குத் தான் வரும்.

அண்ணே, அப்ப நம்ம சார்பா யூனியன் தலைவர் தான் போய் உக்காருவாரா?

அப்பிடித் தான் வரும், உறுப்பினர் தொகை கூடுன யூனியனைத் தான் கூப்புடுவாங்க. நான் யூனியனுக்கு எதிரி இல்ல தம்பி, யூனியன் இல்லாட்டி இந்த ஈபிஎப்பும் சர்வீஸ் காசும் வந்திருக்காது. ஆனா கொழுந்து எடுக்குறதுல பெரும்பாலும் பொம்பளைக, பேசப் போறது ஆம்பளைக. ஒரு மாதர் தலைவியாவது அதுல இருக்கணும்னு கேக்குறது பெரிய ஆசை இல்ல. இன்னொண்ணு, போனவரு அங்க என்ன பேசுனாருன்னு நமக்குத் தெரியணும். வாஷிங்டன்லயும் விஸ்கான்சின்லயும் கூட்டம் திறந்த கூட்டம், எப்ப எங்கன்னு முன்கூட்டியே அறிவிப்பாங்க, யாரும் போய்க் கேக்கலாம், நடந்த பேச்சுக்குக் குறிப்பு இருக்கும். நம்ம பக்கம் என்ன நடக்குதுன்னா, கூட்டம் முடிஞ்சு ஒரு வாரத்துக்கப்புறம் பேப்பர்ல போட்டோ வரும்.

தமிழ்ல இருக்குமா?

சட்டப்படி இருக்கணும். கேட்டு வாங்குனா தான் இருக்கும், அதுவும் படிச்சா விளங்குற தமிழ்ல இருக்கணும்னா ஃபோம் அச்சடிக்க முந்தியே யாராவது படிச்சுப் பாத்துச் சொல்லணும்.

இப்பவே நாம செய்யக்கூடியது ஏதாவது இருக்கா?

இருக்கு. திட்டம் எப்ப வந்தாலும் ஈபிஎப் பதிவை வச்சு ஆளை அடையாளம் காணத் தான் வாய்ப்பு கூட. அதனால அடையாள அட்டையில இருக்குற பேரும் ஈபிஎப்ல இருக்குற பேரும் ஒண்ணான்னு பாருங்க, நம்ம ஆளுகளுக்கு இது பெரிய தலைவலி, பிறப்புச் சான்றிதழ்ல ஒரு பேரு, செக்ரோல்ல கணக்கப்பிள்ளை எழுதுன ஒரு பேரு, அடையாள அட்டையில சிங்களத்துல இருந்து மாத்துன இன்னொரு பேரு. வித்தியாசம் இருந்தா இப்பவே தொழில் காரியாலயத்துல திருத்தக் குடுங்க, ஓய்வு எடுக்குற வயசுல போய் அலையாதீங்க. சம்பளச் சீட்டைத் தூக்கிப் போடாதீங்க, மாசத்துக்கு எத்தன பேர் விழுந்துருக்குன்னு அதுல தான் இருக்கு. தோட்டத்துல மலையப் பிரிச்சுக் குடுக்குறோம் கையெழுத்துப் போடுங்கன்னு வந்தா, அந்தக் கடுதாசில ஈபிஎப் தொடருமா, சேவைக்காலம் தொடருமான்னு ரெண்டு வரி எழுதியிருக்கான்னு பாத்துட்டுப் போடுங்க, எழுதலேன்னா எழுதித் தரச் சொல்லுங்க.